மூக்குத்தி இருக்கும் பக்கம்

பெப்ரவரி 3, திங்கள்

இன்றைக்கும் அப்பம்மாவின் முகத்தை வெட்டி அச்செடுக்கப்போகிற மரக்கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இரண்டடிப் பிளைவூட் பலகை, அப்பாவின் பழைய சாரத்தில் சுற்றி, 100ஆம் நம்பர் பஸ்ஸில் முன்கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே வெள்ளவத்தை வரைக்கும். கெம்பஸில் விட்டுவிட்டு வரலாம்தான். ஆனால் இரவு அப்பம்மா கூப்பிட்டால் ஆள் வேண்டும், விழித்திருக்கிற நேரத்தில் வெட்டினால் நித்திரையும் வராது.

ஒயில் பெயின்ட் வீட்டில் முடியவே முடியாது என்று ஆகிவிட்டது. டர்ப்பன்டைன் போத்தலின் மூடியைத் தளர்த்தினாலே அப்பம்மாவுக்கு முட்டு இழுக்கத் தொடங்குகிறது. போன வருசம் பால்கனியில் வைத்துத் தீட்டிப் பார்த்தேன், கடற்காற்று மணத்தை அப்படியே உள்ளே தள்ளியது. மரத்துக்கு மணமில்லை. அதனால்தான் மரம்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம், லீவு. நாள் முழுக்க ஒரு கன்னம்.

பெப்ரவரி 6, வியாழன்

வெட்டினது அச்சில் வெள்ளை, விட்டது கறுப்பு. இவ்வளவுதான் பாடம், ஆனால் கைக்கு அது விளங்க இரண்டு வருசம் எடுத்தது. பென்சிலில் நிழலைப் போட்டுக்கொண்டு போகலாம், இதில் வெளிச்சத்தைத்தான் தோண்டி எடுக்க வேண்டும். அப்பம்மாவின் தலைமுடி முழுக்க வெள்ளை என்பதால் ஒவ்வொரு மயிராக V உளியால் இழுக்கிறேன். பிளைவூட்டில் நாருக்குக் குறுக்கே போனால் சிம்பு தெறிக்கும், தெறித்த இடத்தை எதை வைத்தும் சரியாக நிரப்ப முடியாது, அது வெள்ளையாகவே கிடக்கும்.

மூக்குத்தியைக் கடைசியில் வெட்டினேன். மூக்கின் கறுப்புக்குள் ஒரேயொரு கொத்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"என்ன பிள்ளை, எலி சுரண்டுதே?" என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டா. நான்தான் அப்பம்மா என்றேன். "அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டா. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இருமலே இல்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

முதல் அச்சு. குசினி மேசையில், கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தது. மெல்லிய கடதாசி என்றால் ப்ரெஸ் தேவையில்லை, பின்பக்கம் மை கசிந்து தெரியும் வரைக்கும் பொறுமையாகத் தேய்த்தால் போதும். ரோலரையும் கண்ணாடித் தட்டையும் தேங்காய் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப் போட்டுக் கழுவினேன். எண்ணெய் மை எண்ணெயில் கழன்றுவிடும், டர்ப்பன்டைன் வேண்டாம். இதை முதல் வருசமே யாராவது சொல்லியிருந்தால்!

கடதாசியை உரித்ததும் அம்மா பார்த்துவிட்டு, "மூக்குத்தி மற்றப் பக்கம் போட்டுது" என்றா.

போய்விட்டது. அப்பம்மாவுக்கு வலப்பக்கம். அச்சில் இடப்பக்கம். படத்தைத் திருப்பிப்போட்டுத்தான் கட்டையில் ஏற்ற வேண்டும் என்று சேர் எத்தனை தரம் சொன்னார். அன்றைக்கு இரவு மூன்று மணிக்கு, நெபுலைசர் போட்டு முடித்த கையோடு, அப்பம்மாவைப் பார்த்துப் பார்த்து நேரடியாகக் கட்டையிலேயே கீறினேன். அந்த முகத்தை அந்த நேரத்தில் விடப் பயமாக இருந்தது.

அழுதேன் என்றுதான் எழுத வேண்டும். பிறகு அச்சை அப்பம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டிப் பிடித்து, கன நேரம் பார்த்தா.

"இதுதான் நான்."

மூக்குத்தி மாறிவிட்டது அப்பம்மா என்றேன். "எங்க மாறினது? கண்ணாடிக்கு முன்னால நிண்டு பொட்டு வைக்கேக்க இப்பிடித்தானே தெரியிறன். உங்கட போட்டோவிலதான் எப்பவும் ஆரோ மாதிரி இருக்கிறன்."

பெப்ரவரி 12, புதன், போயா (பௌர்ணமி லீவு)

அந்தப் பேச்சு தலைக்குள்ளேயே நிற்கிறது. எண்பத்தொரு வருசமாக அப்பம்மா பார்த்த முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்த்ததை அவ பார்த்ததில்லை.

ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸின் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1914இல் மகனை யுத்தத்தில் பறிகொடுத்தவர். ஆண்டுக்கணக்கில் செப்புத்தகட்டிலும் கல்லிலும் வேலை செய்துவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டித்தான் மரத்துக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். கண்ணாடியைப் பார்த்து நேரே கட்டையில் கீறினால் அச்சில் அது இன்னொரு தரம் திரும்பிவிடும். அதாவது தான் ஒருநாளும் காணாத, ஊர் மட்டும் காண்கிற முகம் கடதாசியில் வரும். அதை உரித்துப் பார்க்கும் அந்த நிமிசம் எப்படி இருக்கும். நான் இன்னும் என் முகத்தைச் செய்ததில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

வகுப்பில் வைத்துப் பார்த்தார்கள். சேர் கனநேரம் முடியையே பார்த்தார், வெட்டு நன்றாக இருக்கிறதாம். பிறகு உருவப்படம் என்றால் ஆளைச் சரியாகக் காட்ட வேண்டும், நேரம் இருக்கிறது, திரும்பச் செய் என்றார். அப்பம்மா சொன்னதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். சொற்கள் இருந்தன, ஆனால் அவவின் குரல் அதில் வரவில்லை. பாதியில் சரி சேர் என்று நிறுத்திவிட்டேன்.

பஸ் எடுக்க மனமில்லாமல் கிரீன்பாத் வழியாக நடந்தேன். நடைபாதையில் ஓவியங்களை வரிசையாகச் சாத்தியிருந்தார்கள், யானை, பாய்மரப் படகு, கண்டி நடனம். நன்றாகக் கீறுகிற கைகள் அங்கே இருக்கின்றன, வெயிலில் நாள் முழுக்க நிற்கின்றன. அந்த வீதிக்கு இப்போது ஆனந்த குமாரசுவாமியின் பெயர். 1877இல் இங்கே கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர், முத்து குமாரசுவாமியின் மகன். சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை இங்கிலாந்தில் தன் வீட்டில் இருந்த கையச்சு இயந்திரத்தில், பக்கத்தில் நின்று அச்சிடுவித்தார், 1908இல் வந்தது. பெயர்ப்பலகைக்குக் கீழே கட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றேன். வீட்டில் மை வாசத்தோடு வேலை செய்த ஒருவர் என்று நினைக்க ஆறுதலாக இருந்தது.

பெப்ரவரி 17

இரண்டாவது கட்டை. இந்தமுறை ட்ரேசிங் தாளைத் திருப்பிப் போட்டேன். மூக்கு வரை வெட்டியாகிவிட்டது.

பெப்ரவரி 19, புதன்

நேற்று இரவு ஒன்றரை. உதடு நீலம். முச்சக்கரவண்டியில் அப்பம்மாவை என் தோளில் சாய்த்துக்கொண்டு காலி வீதியில் போனபோது ஒரு சிவப்பு லைட்டிலும் நிற்கவில்லை.

மூக்கில் குழாய் வைக்க வேண்டும், மூக்குத்தியைக் கழற்றுங்கள் என்றார்கள். கழலவில்லை. கலியாணத்துக்குப் போட்டது, சுரை இறுகிப்போயிருந்தது. அம்மா பக்கத்துக் கட்டில்காரரிடம் தேங்காய் எண்ணெய் வாங்கி, விரலில் தொட்டுத் தொட்டுத் திருகினா. அப்பம்மா மூச்சுக்குத் தவிக்கிற நேரத்திலும் கையைத் தட்டிவிடப் பார்த்தா. கழன்றதும் அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அந்த முகம் எனக்குத் தெரியாது. வேறு யாரோ.

கல்லைக் கைலேஞ்சியில் முடிந்து என்னிடம் தந்தா. உளிப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 20

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

பெப்ரவரி 22, சனி

கெம்பஸ். பெரிய ப்ரெஸ்ஸில் முதல் கட்டையைப் பத்துப் பிரதி எடுத்தேன். கரண்டியால் தேய்த்தபோது சாம்பலாக நின்ற கறுப்பெல்லாம் இதில் அடர்ந்து இறங்கியது. பக்கத்தில் உள்ளவள் கடதாசியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு "ஆச்சிட கொஹொமத?" என்று, ஆச்சிக்கு எப்படி என்று, சிங்களத்தில் கேட்டாள். ஆச்சி என்ற சொல் எங்களுக்கும் ஆச்சிதான். பதில் சொல்ல முடியவில்லை, அவளும் மேலே கேட்கவில்லை, பத்தாவது பிரதி வரைக்கும் நின்றாள்.

இரண்டாவது கட்டையில் மூக்குத்தி இருக்க வேண்டிய இடம் மட்டும் வெட்டாமல் கிடக்கிறது. வெட்டினால் வெள்ளை, கல். விட்டால் கறுப்பு, துளை. ஒருதரம் வெட்டினால் திரும்ப வைக்க முடியாது. நாலு நாளாக உளியை வைப்பதும் எடுப்பதும்.

பெப்ரவரி 26, சிவராத்திரி

அம்மா கோயிலில். நான் வீட்டில் விழித்திருக்கிறேன். நாளை மறுநாள் விடுவார்களாம், விடுவார்களாம், விடுவார்களாம்.

பெப்ரவரி 28, வெள்ளி

அப்பம்மா வீட்டில்.

கட்டிலில் இருந்ததும் முதலில் கேட்டது மூக்குத்தியைத்தான். போடப் பார்த்தோம், போகவில்லை. பத்து நாளில் துளை தூர்ந்துகொண்டு வருகிறது, இன்னும் கொஞ்சந்தான் இருக்கிறது. "ஈர்க்கு வை" என்றா. ஒழுங்கை முனையில் விழுந்து கிடந்த பச்சைத் தென்னோலையிலிருந்து ஈர்க்கு ஒன்று உரித்துக்கொண்டு வந்து, சுடுதண்ணியில் அவித்து, மெல்லிய உளியால் சீவிக்கொண்டிருக்கிறேன். முனை கூராகக் கூடாது, மழுங்கவும் கூடாது. அப்பம்மா கண்ணை மூடி முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு