மலைக்கு எந்த பைக்? இறக்கத்திலிருந்து தொடங்குவோம்

சமவெளியில் பைக் வாங்குபவர் முதலில் மைலேஜைக் கேட்பார், அடுத்து எத்தனை சிசி என்று கேட்பார். நீலகிரியில் குடியிருந்து தினமும் வண்டி ஓட்டப்போகிறவர், இவ்விரண்டுக்கும் முன்பாக, அந்த வண்டி இறக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏற்றத்தில் திணறும் வண்டியால் நேரம்தான் வீணாகும். இறக்கத்தில் பிரேக் கைவிட்டால் என்னவாகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன; ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையிலோ 36. கியர் வண்டியில், ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்கினால் இன்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிப்பதால் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு என்பதோடு, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாகவே விலகிக்கொள்வதால், ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், வண்டி என்று மொத்த எடையும் பிரேக்கின் தலையில் வந்து விழுகிறது. பிரேக்கை விடாமல் பிடித்தபடி பர்லியாறு வரை வந்த ஸ்கூட்டரின் பின்சக்கர டிரம் பிரேக் அருகே சற்றுக் குனிந்து பாருங்கள். கருகல் வாடை அடிக்கும். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போய்வர ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். மலை இறங்கவும் அதுவேதான் வேண்டும் என்றால், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இல்லாத மாடலைத் தொடாதீர்கள்.

ஏற்றத்துக்கு வருவோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எந்த இன்ஜினும் தன் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டி, காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் இழந்த சக்தியைத் திருப்பித் தராது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய முறையான கார்புரேட்டர் உள்ள வண்டி அதையும் செய்யாமல், பெட்ரோலை அதிகமாகக் குடித்து, பிளக்கைக் கரியாக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், பழைய வண்டி வாங்குபவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் குதிரைத்திறனைவிட, டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) எத்தனை ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கிறது என்ற சிறிய எழுத்து வரிதான் நமக்கு முக்கியம். புல்லட் 350 தன் 27 நியூட்டன் மீட்டரை 4,000 ஆர்பிஎம்மிலேயே தந்துவிடுகிறது. மண் பாதைக்கும் ஏற்ற ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி தன் 17.35 நியூட்டன் மீட்டரைத் தர 6,500 வரை போக வேண்டியிருக்கிறது. வளைவில் எதிரே பஸ் வந்து, ஏறக்குறைய நின்றுவிட்டு மறுபடி எடுக்கும்போது, பின்னால் ஆள் இருந்தால், இந்த வேறுபாடு கிளட்ச் பிடித்த கையில் தெரியும்.

அதே புல்லட்டை, மழை பெய்து ஓய்ந்த எஸ்டேட் மண் பாதையில் இறக்கினால் கதை வேறு. 195 கிலோ வண்டி செம்மண் சேற்றில் ஒருமுறை சாய்ந்தால், தனி ஆளாக நிமிர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எக்ஸ்பல்ஸ் 30 கிலோவுக்கு மேல் எடை குறைவு. 220 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 21 அங்குல முன்சக்கரமும் கல்லையும் பள்ளத்தையும் எளிதில் தாண்டும். ஆனால் இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். ஷோரூமின் சமதளத் தரையில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காமல், சரிவான சாலையில் நிறுத்தி, பள்ளப் பக்கத்துக் கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

டயரை எந்தப் பக்கத்து மழைக்காக வாங்குகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஜூனிலேயே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் மண் பாதைக்கான, கட்டி கட்டியாகத் துருத்தும் ஆழமான பட்டன் டயரைப் போட்டுக்கொண்டு திரிவது வெறும் தோற்றத்துக்காகத்தான். ஈரத் தாரில் அது சாதாரண டயரைவிட வழுக்கும்.