200 மைக்ரோகிராம் எங்கே போனது?

அமெரிக்காவில், தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்ஸின் மாத்திரைக்கு அளவுக்கு ஒரு நிறம். 25 மைக்ரோகிராம் ஆரஞ்சு, 75 ஊதா, 100 மஞ்சள், 150 நீலம். எந்தக் கம்பெனி தயாரித்தாலும் இதே நிறங்கள்தான், அளவு மாறிப்போய்விடக் கூடாது என்று. இதில் 50 மட்டும் வெள்ளை, சாயம் கிடையாது. ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் தற்காப்புப் படையே தைராய்டைத் தாக்கும் நோய், என்று தெரிந்து மாத்திரை தொடங்கிய காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு ஏற்றினார்கள், அப்போதுதான் வந்தது.

கையிலும் தொடையிலும் திட்டுத் திட்டாகத் தடித்துக்கொண்டு அரிப்பு. திருச்சியிலிருந்து அம்மா போனிலேயே முடிவு கட்டிவிட்டாள்: "காணாக்கடிடீ. வெத்தலையில மிளகு வச்சு மென்னு முழுங்கு." அலர்ஜி டாக்டர் அவ்வளவு வேகம் காட்டவில்லை. ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்கு மருந்தே சாப்பிடாவிட்டாலும் இப்படித் தடிப்பு வருவதுண்டு, அதனால் மாத்திரைமேல் உடனே பழி போடக் கூடாது என்றார். அதே 100-ஐ இரண்டு வெள்ளை 50-களாகச் சாப்பிடச் சொன்னார். தடிப்பு அடங்கியது. அவர் மேற்பார்வையில் மறுபடி மஞ்சளுக்குப் போனதும் திரும்ப வந்தது. லெவோதைராக்ஸின் என்பது நம் தைராய்டு சுரப்பி தயாரிக்கும் அதே டி4 ஹார்மோன்தான். ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அதோடு சேர்க்கிற சாயம், லாக்டோஸ், கருவேலம் பிசின் இனத்தைச் சேர்ந்த அக்கேசியா மாதிரியான சரக்குகள்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் ரெக்கார்டில் நர்ஸ் "லெவோதைராக்ஸின் அலர்ஜி" என்று ஏற்றிவிட்டார். அப்படி ஒரு வரி இருந்தால், அதற்கப்புறம் எந்தப் பார்மசியின் கம்ப்யூட்டரும் இந்த மருந்தைக் கண்டாலே சிவப்புக் கொடி காட்டும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தே அதுதான்! "மாத்திரையில் உள்ள மஞ்சள் சாயம்" என்று திருத்தச் சொல்லி, திருத்தியதைப் பார்த்த பிறகுதான் எழுந்து வந்தேன்.

சாயம் ஒழிந்தது. ஆனால் தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறி நிற்கும் டிஎஸ்எச் இறங்கவில்லை. சாதாரணமாக 0.4-லிருந்து 4 வரை இருக்க வேண்டியது எனக்கு 18. அளவை ஏற்றினார்கள். 150 என்றால் மூன்று வெள்ளை, 200 என்றால் நாலு வெள்ளை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு; அதன்படி எனக்கு 100 கிட்ட போதும். அதைப்போல இரண்டு மடங்கு விழுங்கியும் 14-க்குக் கீழே வரவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸ் மேஜையிலேயே கண் சொக்கும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி.

இந்தக் கட்டத்தில் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது மருந்தை அல்ல, நம்மை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? காபி எப்போது? கால்சியம், இரும்பு மாத்திரை? சோயா? அசிடிட்டிக்கு ஏதாவது? கேள்விகள் நியாயமானவைதான். மாத்திரையோடு காபி குடித்தால் உறிஞ்சுதல் குறையும். இரும்பும் கால்சியமும் நாலு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். டிகாக்ஷன் இறங்கும் வாசனையை ஒரு மணி நேரம் மூக்கால் மட்டும் அனுபவித்துக்கொண்டு நான் காத்திருந்ததற்கு என் வீட்டுக்காரர் சாட்சி. ஆனால் வீட்டுக்காரர் சாட்சியம் லேப் ரிப்போர்ட்டில் ஏறாதே.

அடுத்துப் பார்த்த எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) வாதம் செய்யாமல் உறிஞ்சுதல் சோதனைக்கு எழுதினார். வெறும் வயிற்றில் போய் உட்கார வேண்டும். முதலில் ரத்தம் எடுப்பார்கள். பிறகு 1000 மைக்ரோகிராமை, அதாவது என் கணக்கில் ஐந்து நாள் மருந்தை, அவர்கள் கண்ணெதிரே ஒரேயடியாக விழுங்க வேண்டும். எனக்கு அது இருபது வெள்ளை மாத்திரை. நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அதன்பின் மணிக்கொரு தடவை ரத்தம். இதயக் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் மட்டுமே செய்கிற சோதனை இது. வீட்டில் யாரும் விஷப்பரீட்சை செய்ய வேண்டாம். நன்றாக உறிஞ்சுகிற உடம்பில் இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் டி4 மளமளவென்று ஏறும். எனக்குக் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. அந்த கிராஃப் தாளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு விநோதமாக இருந்திருக்கும்.

ஏன் ஏறவில்லை? பதில் என் பழைய ரிப்போர்ட்டுகளிலேயே இருந்தது. பி12 குறைவு, இரும்பு குறைவு. சைவம் என்பதால் இரண்டையும் எல்லோரும் "சாப்பாடு சரியில்லை" கணக்கில் எழுதிவிட்டார்கள். சைவச் சாப்பாட்டில் பி12 குறையும் என்பது உண்மை. அந்த உண்மைதான் இன்னொரு காரணத்தை இவ்வளவு நாள் மறைத்துவிட்டது. லெவோதைராக்ஸின் உறிஞ்சப்படுவது சிறுகுடலில். ஆனால் மாத்திரை அதற்கு முன்னால் இரைப்பையில் கரைய வேண்டும், அதற்கு அமிலம் வேண்டும். கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் இல்லை என்று பரிசோதனை சொன்னது. எச். பைலோரி கிருமியும் இல்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் ஏகத்துக்கு இருந்தது. எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத்துணுக்கு உறுதி செய்தது: ஆட்டோஇம்யூன் கேஸ்ட்ரைட்டிஸ். தைராய்டைத் தாக்கும் அதே தற்காப்புப் படை இரைப்பையையும் தாக்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமில்லையாம். ஹாஷிமோட்டோவோடு பி12-உம் இரும்பும் சேர்ந்து குறைந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் இரைப்பையையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அமிலம் இல்லாதவர்களுக்கு வழி, ஏற்கெனவே கரைந்த மருந்து. அமெரிக்காவில் டைரோசின்ட் என்று ஒரு ஜெல் கேப்சூல் இருக்கிறது: மருந்து, ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர், அவ்வளவுதான். சாயமில்லை, லாக்டோஸ் இல்லை. ஆனால் ஜெலட்டின் மிருகத்திலிருந்து வருவது, எனக்கு மனசு ஒப்பவில்லை. டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அதே மருந்து டைரோசின்ட்-சால் என்று திரவமாகவும் வருகிறது, ஒரு மில்லி பிளாஸ்டிக் குப்பிகளில். அதில் மருந்தோடு கிளிசரினும் தண்ணீரும் மட்டுமே.

இன்ஷூரன்ஸ் மறுத்தது. சாதா மாத்திரை மலிவாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் வாதம். முதல் கடிதத்தில் டாக்டர் "நோயாளிக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொதுவாக எழுதியிருந்தார், அது எடுபடவில்லை. அப்பீலில் சாயத் தடிப்பின் போட்டோ, அலர்ஜி டாக்டரின் குறிப்பு, அளவு ஏற ஏற டிஎஸ்எச் நின்ற இடத்திலேயே நின்ற பட்டியல், அந்தப் படுத்த கிராஃப், பயாப்ஸி ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து அனுப்பினோம். ஒப்புதல் வந்தது. என் அனுபவத்தில் அவர்களை அசைத்தது கிராஃபும் பயாப்ஸியும்தான். போட்டோவை யாரும் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

திரவத்துக்கு மாறும்போது பழைய அளவையே வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே போகாத 200 வேறு, முழுசாகப் போகிற 200 வேறு; படபடப்பு, தூக்கமின்மை, இதயத் துடிப்பில் தாறுமாறு என்று எல்லாம் வரலாம். எனக்கு 125-இல் தொடங்கினார். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் ஆறு வாரத்துக்கு முன் டெஸ்ட் எடுப்பதில் பயனில்லை. எடுத்தபோது 0.3, கொஞ்சம் அதிகமாகவே இறங்கியிருந்தது. 112-க்குக் குறைத்தார். இப்போது இரண்டை ஒட்டி நிற்கிறது.

முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்திவிடுங்கள். சில லேப் முறைகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், மருந்து அதிகமோ என்று வீணாகக் குழம்ப வேண்டிவரும்.

பி12 ஊசி மாதாமாதம் தொடர்கிறது. இரைப்பையை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எண்டோஸ்கோபியில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை ராத்திரிக்குப் போய்விட்டது. இந்தத் திரவத்தைக் காலை உணவுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் எடுத்தால் போதும் என்று லேபிளிலேயே இருக்கிறது. காபியை மட்டும் இன்னும் அரை மணி தள்ளியே வைத்திருக்கிறேன், டாக்டர் சொல்லி அல்ல, பழகிவிட்டது. இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வருடத்துக்கு ஒரு முறை காலாவதியாகும், அடுத்தது மார்ச்சில்.