நித்தியகல்யாணியும் என் விரல் நுனியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் வேலியோரம் நித்தியகல்யாணி எப்போதும் பூத்துக் கிடக்கும். சுடுகாட்டுப் பூ என்று அம்மா அதை வீட்டுக்குள் விடமாட்டார். எனக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து ஈப்போவில் கீமோ ஆரம்பித்த நாளில், ஒரு சின்னப் பையைத் தொங்கவிட்ட தாதி, "இது வின்கிறிஸ்டின். அந்தப் பூச்செடியிலிருந்து எடுப்பதுதான். கை எரிந்தால் உடனே சொல்லுங்க அக்கா" என்றார். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். தவறிப்போய்த் தண்டுவடத்தில் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஊசியில் ஏற்றாமல் பையில் தருகிறார்களாம்.

21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு சுற்று. முதல் சுற்றில் தாடை வலித்தது. நான்கு நாள் வெளிக்குப் போகவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. பப்பாளி போதும் என்று நான் இருந்தது தப்பு. மலம் இளக்கும் லக்டுலோஸ் மருந்தை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்கள் உருவாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்தக் குழல்களைக் கட்டும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழல் இல்லாமல் செல் பாதியில் நின்று செத்துப்போகிறது. ஆனால் நரம்புக்குள் சத்தைக் கொண்டுபோகும் தண்டவாளமும் அதே குழல்கள்தான். குடல் மந்தமானதற்கும் விரல் மரத்ததற்கும் காரணம் அதுதான் என்று மருத்துவர் விளக்கினார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான்தான் பூக்கட்டுவேன். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு மல்லிகைக் காம்பும் நாரும் விரலில் தட்டுப்படவேயில்லை. கண்ணால் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டேன். ரவிக்கைக் கொக்கியை மகள் மாட்டிவிட்டாள். இதையெல்லாம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து இரண்டு வாரம் மறைத்தேன். கடைசியில் சொன்னபோது மருத்துவர் சின்னச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் அசையவில்லை. நிறுத்தவில்லை, 2 மில்லிகிராமை 1 ஆகக் குறைத்தார், அவ்வளவுதான். முன்பே சொல்லியிருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார். பாசம்தான், ஆனால் நான் குடிக்கவில்லை. சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களே என்று 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்ற ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அப்படித்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. வின்கிறிஸ்டின் அதன் உறவுதான். கீமோவால் ஏற்கெனவே வெள்ளை அணு இறங்கிக் கிடக்கிற எனக்கு, அளவே தெரியாத கஷாயம் எதற்கு? இதை உட்காரவைத்துச் சொன்னதும் அக்கா தானே அதைச் சாக்கடையில் கொட்டினார்.

ஆறாவது சுற்று முடிந்தும் இரண்டு மாதம் மரத்தே இருந்தது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆள்காட்டி விரலில் நார் உரசுவது லேசாகத் தெரிந்தது. கால்விரல்களுக்கு இன்னும் உணர்வு வரவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்கிறேன்.