கலிபோர்னியாவில் மாநிலத்தின் உபரி நிலத்தை நகரம் வாங்கும்போது

மூடிக் கிடக்கும் மாநில அலுவலகமோ பழைய பணிமனையோ ஊருக்குள் இருந்தால், 'மாநிலம்தான் பயன்படுத்தவில்லையே, நகரத்துக்குச் சும்மா கொடுத்துவிடலாமே' என்ற பேச்சு நகரமன்றத்தில் எழாமல் இருக்காது. ஆனால் சும்மா கொடுக்க முடியாது. பொதுச் சொத்தை இனாமாகத் தருவதை மாநில அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. விலை குறைய வேண்டுமென்றால் தெளிவான பொது நோக்கம் ஒன்றும், அதற்கு இடம்கொடுக்கும் சட்டமும் கையில் இருக்க வேண்டும்.

அரசுச் சட்டத்தொகுப்பின் 11011ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாநிலத் துறையும் ஆண்டுதோறும் தன் நிலங்களைப் பரிசீலித்து, தேவைக்கு மிஞ்சியதை, மாநிலச் சொத்துகளைக் கவனிக்கும் பொதுச் சேவைகள் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் துறை, விற்க அனுமதி கேட்டுச் சட்டமன்றத்துக்குப் போகும். நிலம் முதலில் பிற மாநிலத் துறைகளுக்கும், பிறகு உள்ளாட்சிகளுக்கும் காட்டப்படும், தனியார் கடைசி. நெடுஞ்சாலைக்காக வாங்கிய நிலத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதற்கு வேறு சட்டம், வேறு துறை. எனவே நிலம் எந்தத் துறையின் பெயரில், எதற்காக வாங்கப்பட்டது என்று மூலப் பத்திரத்தில் பார்ப்பதுதான் முதல் வேலை. இன்னொன்றும் உண்டு: 2019 ஜனவரியில் வந்த ஆளுநர் ஆணை, வீடு கட்டத் தகுந்த உபரி நிலங்களை மலிவு விலை வீட்டுத் திட்டங்களுக்குத் திருப்பிவிட்டது. நகரத்தின் திட்டத்தில் வீடுகள் இல்லையென்றால் மாநிலத்தோடு பேசுவது கடினம்தான்.

அதிகம் சறுக்குவது சுற்றுச்சூழல் ஆய்வில். பணிமனை என்றால் தரைக்கடியில் எரிபொருள் தொட்டி இருந்திருக்கலாம். மாசுள்ள நிலத்தை ஆராயாமல் வாங்கினால், அதை உண்டாக்கியது யாராக இருந்தாலும், உரிமையாளர் என்ற முறையில் சுத்தம் செய்யும் செலவு நகரத்தின் தலையில் விழலாம். மத்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன் முதல் கட்ட ஆய்வு முடிந்திருக்க வேண்டும். அதன் முக்கியப் பகுதிகளான நேர்காணல், பதிவேட்டுத் தேடல், நிலத்தை நேரில் பார்ப்பது எல்லாம் கிரயத்துக்கு முந்தைய 180 நாளுக்குள் நடந்தவையாக இருக்க வேண்டும். மாநிலப் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆர்வத்தில் தொடக்கத்திலேயே பணம் கட்டிச் செய்த ஆய்வு, கையெழுத்து நாளில் காலாவதியாகியிருக்கும். பூர்வாங்கமாக ஒரு முறை பாருங்கள், முறையான அறிக்கையை விலை முடிவான பிறகு வாங்குங்கள். முதல் கட்டத்தில் மண்ணைத் தோண்டி எடுக்க மாட்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் இரண்டாம் கட்டத்துக்கு நேரமும் பணமும் தனியாக ஒதுக்க வேண்டும்.

கட்டடம் 50 ஆண்டு தாண்டியதா? அப்படியானால் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அதிகாரியின் கருத்தை, நிலத்தை வைத்திருக்கும் துறை கேட்க வேண்டி வரலாம். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கும் மாதங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடம் என்றால் கல்நார், ஈயப் பூச்சு இரண்டையும் இடிப்புச் செலவில் சேர்த்தே கணக்கிடுங்கள்.

நகரத்தின் பக்கத்தில் எளிதாக மறந்துபோகும் இரண்டு தாள்கள்: வாங்குவதற்கு முன், அது நகர வளர்ச்சிக்கான பொதுத் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்ற திட்டக் குழுவின் அறிக்கை (அதே அரசுச் சட்டத்தொகுப்பின் 65402ஆம் பிரிவு, குழுவுக்கு 40 நாள் அவகாசம்), நிலத்தை நகரம் ஏற்கிறது என்று பத்திரத்தோடு இணைக்கும் ஏற்புச் சான்று (27281ஆம் பிரிவு). ஏற்புச் சான்று இல்லாத பத்திரத்தை மாவட்டப் பதிவாளர் பதிவு செய்யாமல் திருப்பிவிடுவார். யார் கையெழுத்திடுவது என்பதை நகரமன்றம் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

பத்திர வரைவில் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டை வரிக்கு வரி படியுங்கள். 'பூங்காவுக்கு மட்டும்' என்று எழுதி, மீறினால் நிலம் மாநிலத்துக்கே திரும்பும் என்று சேர்த்திருந்தால், நாளை அங்கே நூலகம் கட்டக்கூட வழியிருக்காது. அந்த நிலத்தை நம்பி யாரும் கடனும் தர மாட்டார்கள். நோக்கத்தை அகலமாக எழுதவும், மீறல் நேர்ந்தால் அதைச் சரிசெய்ய அவகாசம் தரவும் பேரம் பேசுங்கள். விலையில் பிடிவாதம் பிடிப்பதைவிட இது முக்கியம்.

ஒருவேளை பிற்பாடு நகரமே விற்க நினைத்தால் உள்ளாட்சி உபரி நிலச் சட்டம் குறுக்கே வரும். மலிவு விலை வீடு கட்டுவோருக்கு அறிவிப்பு, பதிலுக்கு 60 நாள், ஆர்வம் காட்டியவர்களோடு 90 நாள் பேச்சு. இதை மீறினால் முதல் முறை அபராதம் விற்பனை விலையில் 30 சதவீதம், அடுத்த முறை 50. வாங்கிக் கைமாற்றலாம் என்ற எண்ணம் இருந்தால், மாநிலத்துக்கு விருப்பக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே நகர வழக்கறிஞரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள்.