நெரா ஆற்றங்கரையில்: ஓர் அருவி, ஒரு மடாலயம், வராத ஒரு பேருந்து

இத்தாலியின் நெரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாங்கள் பார்த்த அருவி, மடாலயம், தேவாலயங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த நுழைவுக் கட்டணத்தைவிட, பேருந்து வராமல் போன ஒரு மாலையில் வாடகைக் காருக்கு அழுத தொகை அதிகம். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பள்ளத்தாக்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரோமில் கொலோசியத்தின் முன்னால் வெயிலில் வரிசை கட்டி நிற்பவர்களில் பாதிப் பேராவது ரயிலேறி இங்கே வந்துவிடலாம் என்பதே என் கருத்து.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்ற வரிசையில் சொல்லிவிடுகிறேன். ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து உம்ப்ரியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள தெர்னி நகரத்துக்கு வட்டார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. இந்த ரயில்களுக்கு முன்கூட்டி வாங்கினாலும் ஏறும் நாளில் வாங்கினாலும் ஒரே கட்டணம்தான். தெர்னி அழகான ஊர் அன்று. எஃகு ஆலையை நம்பி வளர்ந்த தொழில் நகரம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பெரிதும் இடிந்துபோனதால் பழைய கட்டடங்கள் குறைவு. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், 12,000 டன் அழுத்தும் திறன் கொண்ட பழைய ஆலை இயந்திரம் ஒன்று நினைவுச் சின்னமாக நின்று வரவேற்கிறது. புனித வாலண்டைன் இந்த ஊரின் ஆயராக இருந்தவர் என்பது மரபு. காதலர்களுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடைத்திருக்காது என்றாள் என் மனைவி. ஆனால் அறை வாடகை ரோமில் கொடுத்ததில் பாதிதான். எதை வாங்கினாலும் மனம் தானாகவே நூறால் பெருக்கிப் பார்க்கும் எங்களுக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

மற்றச் செலவுகள் பிறகு. மார்மோரே அருவியைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 165 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று அடுக்குகளாக விழும் இந்த அருவி மனிதர் வெட்டியது. ரியேத்தி சமவெளியில் வெலினோ ஆற்று நீர் தேங்கிச் சதுப்பாகக் கிடந்ததை வடிப்பதற்காக, கி.மு. 271இல் ரோமானியத் தலைவர் மானியுஸ் குரியுஸ் தெந்தாத்துஸ் கால்வாய் வெட்டுவித்து, அந்த நீரை மலை விளிம்பிலிருந்து கீழே ஓடும் நெரா ஆற்றில் விழச் செய்தார். மேலே இருந்தவர்களுக்கு விளைநிலம் கிடைத்தது. கீழே இருந்த தெர்னிக்காரர்களுக்கு வெள்ள பயம் வந்தது. தகராறு முற்றி, கி.மு. 54இல் ரியேத்தி மக்களுக்காக வாதாட வந்தவர் புகழ்பெற்ற ரோமானியப் பேச்சாளர் சிசரோ. மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் நீருக்காக வழக்காடுவது நமக்குப் புதிதா என்ன?

இன்று அந்த நீரின் பெரும்பகுதி மின் உற்பத்திக்குத் திருப்பிவிடப்படுவதால், அருவியைக் குறித்த நேரங்களில் மட்டுமே திறக்கிறார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது பாறையில் சில நீர்க்கோடுகள் வழிந்துகொண்டிருந்தன. இதற்கா இவ்வளவு கட்டணம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதியது. முதலில் உச்சியில் ஒரு வெண்மை தெரிந்தது. பிறகு அது பருத்து, பாறையை மூடி, எங்கள் பேச்சையும் மூடிவிட்டது. எதிரே வெகு தொலைவில் நின்றவர்களின் மூக்குக் கண்ணாடிகளிலும் நீர்த்துளிகள் படிந்தன. பாறையைக் குடைந்த சுரங்கப் பாதை வழியாகக் 'காதலர் மாடம்' என்னும் இடத்துக்குப் போனால் அருவியின் முதல் வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். உள்ளாடை வரை நனைவது உறுதி. வாசலில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைச்சட்டை பகல்கொள்ளை. ஊரிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். கீழ் முற்றத்திலிருந்து மேல் முற்றத்துக்கு ஏறும் பாதை முழங்காலைச் சோதிக்கும். ஆனால் ஆறாம் பயஸ் போப்பாண்டவர் அருவியைப் பார்ப்பதற்கென்று 1781இல் கட்டுவித்த சிறு மண்டபத்தில் நின்று கீழே பார்க்கும்போது ஏறிய களைப்பு தெரியாது.

அருவியிலிருந்து ஆற்றின் மேல்நோக்கிப் பள்ளத்தாக்குக்குள் போனால் ஃபெரென்தில்லோ. ஆறு இந்த ஊரை இரண்டாக வகுத்துவிடுகிறது. இரு கரைகளிலும் செங்குத்துப் பாறைகள், அவற்றின் மேல் இடிந்த கோட்டைகள். இங்குள்ள சாந்தோ ஸ்தேஃபனோ தேவாலயத்தின் அடித்தளத்தில், புதைத்த உடல்கள் மண்ணின் தாதுக்களாலும் காற்றோட்டத்தாலும் உலர்ந்து மம்மிகளாகிவிட்டன. ஊருக்குள் புதைக்கக் கூடாது என்ற நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு தோண்டியெடுத்தபோதுதான் இது வெளியே தெரிந்ததாம். இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்டுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவர்களைக் காசு கொடுத்துப் பார்ப்பதற்கு நான் வரவில்லை என்று மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த வகையில் ஒரு சீட்டுக் காசு மிச்சம்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே நடந்தோம். நெராவின் நீர் பச்சைக் கண்ணாடி போல் தெளிந்தது; கையை விட்டால் விரல்கள் மரத்துப்போகும் குளிர்ச்சி. நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்து, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் ட்ரவுட் மீன்களைக் கரையிலிருந்தே எண்ணலாம். பிறகு மலைச் சரிவில் ஏறினால் சான் பியேத்ரோ இன் வாலே மடாலயம். ஸ்போலேத்தோவை ஆண்ட லாங்கோபார்டு இனப் பிரபு இரண்டாம் ஃபரோஆல்தோ 8ஆம் நூற்றாண்டில் நிறுவி, பின்னர் மகனிடம் ஆட்சியை இழந்து இங்கேயே துறவியாக வாழ்ந்த இடம் இது. பலிபீடத்தின் முகப்புக் கல்லில் இரு உருவங்கள் கைகளை உயர்த்தி நிற்கின்றன. சிற்பம் தேர்ந்தது என்று சொல்ல முடியாது, சிறுபிள்ளை கிறுக்கியது போன்ற கண்கள், நேர்க்கோட்டுக் கால்கள். ஆனால் செதுக்கியவர் 'உர்சுஸ்' என்று தம் பெயரை அதிலேயே பொறித்துவிட்டார். அந்தக் காலத்தில் அவ்வாறு பெயரிட்ட சிற்பிகள் அரிது. சுவர்களில் 12ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள்; ஆதாம் விலங்குகளுக்குப் பெயர் சூட்டும் காட்சியின் முன்னால் நான் நின்ற நேரம் கொஞ்சமில்லை.

இறங்கி வந்து நிறுத்தத்தில் நின்றால் கடைசிப் பேருந்து வரவில்லை. அட்டவணையில் நேரம் இருக்கிறது, பையில் புகையிலைக் கடையில் வாங்கிய சீட்டு இருக்கிறது, பேருந்துதான் இல்லை. (கிராமத்தில் பேருந்துச் சீட்டு கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கடைதான், அது மதியத்தில் மூடியிருக்கும்.) இருட்டிய பிறகு அருகிலிருந்த காப்பிக் கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு வாடகைக் காரை அழைத்துக் கொடுத்தார். இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு ஓட்டுநர் எழுபது யூரோ கேட்டார். மீட்டர் இல்லை. கேட்டதற்கு இரவுக் கட்டணம் என்றார். இறங்கும்போது மடியில் வைத்திருந்த தோள்பைகளுக்கும் சேர்த்து இன்னும் ஐந்து யூரோ என்றார். என் மடியில் இருந்த பைக்கு எதற்குக் கட்டணம் என்று நான் குரலை உயர்த்த, "விடுங்கள், அந்த ஐந்து யூரோவில் நாம் மாளிகை கட்டப் போவதில்லை" என்று மனைவி கொடுத்துவிட்டாள். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்! இரவு உணவு ரொட்டியும் தக்காளியும்தான்.

அந்தக் கோபத்தைத் தணித்தது மறுநாள் ஸ்கெஜ்ஜினோவில் சாப்பிட்ட மதிய உணவு. வீடுகளை ஒட்டி வாய்க்கால் ஓடும் சிற்றூர் இது. 1522இல் ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் வந்த படையைப் பெண்களே விரட்டிய கதையை இன்றும் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். ஸ்த்ராங்கோத்ஸி என்ற தடித்த பாஸ்தா, ஆலிவ் எண்ணெய், பூண்டு, அதன் மேல் ட்ரஃபுள் என்ற நிலத்தடிக் காளான், அவ்வளவுதான் பண்டம். தட்டை வைத்துவிட்டுப் போன அம்மையார் ஒரு கரிய உருண்டையுடன் திரும்பி வந்து, நாங்கள் போதும் என்று சொல்லும்வரை கண்ணெதிரிலேயே சீவிப் போட்டார். நாங்கள் போதும் என்று சொல்லத் தாமதித்தோம். மழைக்குப் பிந்தைய மண்ணும் வறுத்த பருப்பும் கலந்த வாசனை. இங்கே கோடைக்கால ட்ரஃபுள் குளிர்காலத்ததைவிட மலிவு என்பதால் தட்டு பதினான்கு யூரோவில் முடிந்தது. ரோமில் அந்தக் காசுக்கு வாசனை எண்ணெய்தான் கிடைத்திருக்கும். அதே ஆற்று ட்ரவுட்டும் உண்டோம், அருமை. உப்பில்லாத உம்ப்ரியா ரொட்டி மட்டும் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதற்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு யூரோ 'இருக்கைக் கட்டணம்' வாங்கிவிடுகிறார்கள்.

பிறகு மிதிவண்டி வாடகைக்கு எடுத்து, 1926இல் தொடங்கி 1968இல் மூடப்பட்ட ஸ்போலேத்தோ - நோர்சியா ரயில் பாதையில் ஒரு பகுதியை ஓட்டினோம். தண்டவாளங்கள் போய்விட்டன, குகைகளும் பாலங்களும் இருக்கின்றன. குகைக்குள் நல்ல வெயிலிலும் பல் கிட்டும் குளிர், கைவிளக்கு கட்டாயம். வழியில் வாலோ தி நெரா என்ற கற்கோட்டை ஊருக்கு ஏறி, அங்குள்ள மரியன்னை தேவாலயத்தில் 1401இல் கோலா தி பியேத்ரோ வரைந்த வெள்ளையாடை ஊர்வலத்தைப் பார்த்தோம். கட்டணம் இல்லை, வேறு ஆளும் இல்லை.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் நார்னியில் இறங்கி அகஸ்தஸ் காலத்துப் பாலத்தைப் பாருங்கள்; எஞ்சி நிற்கும் ஒற்றை வளைவு சுமார் 30 மீட்டர் உயரம்.

செலவு விவரம் சொல்வதாகச் சொன்னேன்; சுருக்கமாக இதுதான். பார்ப்பதும் உண்பதும் கட்டுப்படியாகும், போய்வருவதுதான் கையைக் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துகளை நம்பாதீர்கள். அருவி திறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். இருவருக்கு மேல் போனால் தெர்னியில் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வதே மலிவு. எங்களிடம் கேட்ட அந்த எழுபத்தைந்து யூரோவுக்குள் ஒரு நாள் வாடகையும் எரிபொருளும் அடங்கிவிடும். அதற்கு இந்திய உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.