முதல் குழுக் கண்காட்சிக்குப் படம் கொடுக்கிறீர்களா?

பாதிச் சிக்கல் மாட்டும்போதுதான் வரும். கேன்வாஸின் பின்சட்டத்தில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, இருபக்கமும் டி வளையம் (D வடிவ உலோக வளையம்) திருகி, நடுவே கம்பியைச் சற்றே தொய்வாகக் கட்டுங்கள். விறைப்பாகக் கட்டினால் இழுவை கூடித் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். ரொம்பத் தொய்ந்தால் கம்பி சட்டத்துக்கு மேலே தெரியும். சணல் கயிறு வேண்டவே வேண்டாம்.

அக்ரிலிக் வண்ணம் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றி வெயிலில் ஆட்டோவில் கொண்டுபோனால் குமிழ் அச்சு அப்படியே பதிந்துவிடும், பிறகு எடுக்கவே முடியாது! முதலில் பட்டர் பேப்பர், அதற்கு மேல் குமிழ்ப்பக்கம் வெளியே இருக்கும்படி பபிள் ராப்.

நீர்வண்ணம் என்றால் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் போர்டு (நடுவில் சன்னல்போல் வெட்டிய தடித்த அட்டை) கட்டாயம். நம் கடற்கரை ஊர் ஈரத்தில், கண்ணாடியோடு ஒட்டிய தாளில் பூஞ்சை பிடிக்கும்.

படத்தின் மையம் தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் பார்க்க வசதி. லேபிளில் தலைப்பு, ஊடகம் (அக்ரிலிக்கா, நீர்வண்ணமா என்பது), அளவு, ஆண்டு, விலை. சட்டச் செலவையும் அரங்கின் கமிஷனையும் சேர்த்தே விலை போடுங்கள், தயங்காதீர்கள். படம் விற்றாலும் கண்காட்சி முடியும்வரை கழற்றக் கூடாது. லேபிளில் சிவப்புப் பொட்டு ஒட்டினால் போதும்.