ஃபெரி வண்டியும் பள்ளி வாசலும்

ரங்கூனில் பள்ளி திறந்துவிட்டது என்பதை ஜூன் மாதத்து ரோடே சொல்லிவிடும். கோடை விடுமுறையில் தாமுவேயிலிருந்து டவுனுக்குள் நிம்மதியாக வந்த அதே வண்டி, ஜூனில் மழையும் சேர்ந்துகொள்ள ஊர்ந்துதான் வரும். நான் ஓட்டுவது பள்ளி ஃபெரி, பழைய ஹைஏஸ் வேன். பிள்ளைகளை வீடு வீடாக ஏற்றிப் பள்ளியில் இறக்கும் வேலை.

ரோடு போதவில்லை என்று பலர் சொல்கிறார்கள். 2011க்குப் பிறகு இறக்குமதி விதிகள் தளர்ந்து கார்கள் குவிந்தது உண்மைதான். லேடான் சந்தியில் 2013இல் மேம்பாலமும் வந்தது. ஆனால் பள்ளிப் பக்கம் வழியை அடைப்பது ஓடுகிற கார் இல்லை, நிற்கிற கார். ஒரு காரில் ஒரே பிள்ளை. வாசலுக்கு நேரே நிறுத்தி, பையை மாட்டிவிட்டு, சாப்பாட்டுக் கேரியரைக் கையில் கொடுத்து, பிள்ளை உள்ளே போகும்வரை நிற்பார்கள். அடுத்து வருபவர் அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரிசை போடுவார். அப்புறம் பஸ்ஸுக்கு வழி ஏது? பள்ளிக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சிக்னல் தாண்டி மாட்டிக்கொள்கிறார்கள்.

பைக்கில் கொண்டுபோய் விடலாமே என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இங்கே 2003 முதல் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. 2017 ஜனவரியில் வழித்தடங்களை மாற்றியமைத்து ஒய்.பி.எஸ். என்கிற நகரப் பஸ்கள் வந்தன. பெரிய பிள்ளைகள் அதில் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளையைத் தனியாக யார் ஏற்றிவிடுவார்கள்?

ஃபெரியிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பர்மாவில் 1970இல் வண்டிகளை ரோட்டின் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நாங்கள் ஓட்டுவதில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். ஸ்டியரிங் வலப்பக்கம், பிள்ளைகள் இறங்கும் கதவு இடப்பக்கம். வலது ஓரமாக நிறுத்தினால் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்கும். கூட வரும் பையன் முதலில் குதித்து, கையைக் காட்டிப் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்திய பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரம் அதுதான். ஒருவழித் தெரு கிடைத்தால் இடது ஓரமாக ஒதுக்குவேன். பிள்ளைகள் நேராக நடைபாதையில் கால் வைப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஏறும் பிள்ளைதான் அதிக நேரம் வண்டியில் உட்கார வேண்டும். ஒரு அம்மா சொன்னார்: "அண்ணே, பிள்ளைக்குத் தூக்கமே பத்தலண்ணே. இனி நாங்களே கார்ல விட்டுக்கிறோம்." நியாயம்தானே? இப்படி ஒவ்வொரு வீடு விலகும்போதும் வாசலில் ஒரு கார் கூடுகிறது. கார் கூடினால் ஃபெரியும் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைப் பார்த்து இன்னொரு வீடு விலகுகிறது.

அதனால் இந்த வருஷம் நானும் இன்னொரு ஓட்டுநரும் பேசிப் பிள்ளைகளைப் பேட்டை வாரியாகப் பிரித்துக்கொண்டோம். தின்கன்ஜுன் பக்கம் அவருக்கு, தாமுவே எனக்கு. சுற்று குறைந்திருக்கிறது, பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்குகிறார்கள். பள்ளியிடமும் கேட்டிருக்கிறோம்: பக்கத்து ஒருவழித் தெருவின் இடது ஓரத்தைக் காலையில் அரை மணி நேரம் ஃபெரிகளுக்கு மட்டும் விட்டுத் தந்து, ஒரு காவலாளியையும் நிறுத்தினால் போதும். அங்கிருந்து வாசலுக்குப் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம்.